வெளிச்சமில்லாத பாட்டுப் பெட்டி

உச்சி வெயிலில், கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்ட அம்பாசிடர் காருக்குள், கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் வன்னியபெருமாள். முன்பக்கப் பலகையில் புதிதாகத் தொங்கவிட்ட கேசட் செட்டும் அவரோடு கம்பளிக்குள் இருக்கிறது. ஐந்து நிமிஷம் கழித்துக் கம்பளி விலகுகிறது. இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி ஆவியோடு ஒரு முகம் வெளியே வருகிறது.

"கழத்திருங்க ராஜமணி. பொம்பளப் பிள்ளைங்க கோலாட்டம் அடிக்க மாதிரி பச்ச லைட்டு குதிக்கி. நான் ரோட்டப் பாக்கவா, இத வேடிக்க பாக்கவா?"

இது மூன்றாவது செட். முதல் செட்டில் சிவப்பு எழுத்தில் கடிகாரம் எரிந்தது. அந்தச் சிவப்பு முன்கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்து, எதிரே யாரோ பீடி குடித்துக்கொண்டு வருவது போல இருந்ததாம். இரண்டாவதில் எல்லாப் பொத்தானும் ஒரே அளவு. கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தடவிப் பார்த்தார். சத்தத்தைக் குறைக்கப் போன விரல் கேசட்டை வெளியே துப்ப வைத்தது. "குனிஞ்சு பாத்தாத்தான் வேல செய்யும்னா அதுக்குப் பேரு பள்ளிக்கூடம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ராஜமணி எங்கள் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ கடை வைத்திருக்கிறார். பொறுமைக்காரர். ஆனாலும் மூன்றாவது செட்டைக் கழற்றும்போது கேட்டுவிட்டார்: "ராத்திரி ஏழு மணிக்கு வந்து பாத்தா ஆகாதா அண்ணாச்சி? எதுக்கு இந்த வேக்காடு?"

"இங்கன ராத்திரி எங்க இருக்கு? ஒங்க கடையில நாலு டியூப்லைட்டு. எதுத்தாப்புல சினிமாக் கொட்டக லைட்டு. புதூர் ரோட்டுக்கு வாங்க, அது ராத்திரி."

கடைச் சரக்கைப் புதூர் இருட்டுக்கு அனுப்பிவைக்க ராஜமணிக்கு மனசில்லை. ஆகவே கம்பளி. அது வன்னியபெருமாள் சம்சாரம் பாலம்மாளுடையது. மார்கழிப் பனிக்கு வாங்கியதை இந்த மனுஷன் வெயிலுக்குப் போர்த்துகிறார் என்று அந்த அம்மாள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

வன்னியபெருமாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. புதூருக்குக் கிழக்கே ஆறு ஏக்கர் மானாவாரிக் காடு இருக்கிறது. அது வருஷத்தில் நாலு மாசம்தான் அவரைக் கூப்பிடும். மீதி மாசமெல்லாம் ஸ்டியரிங். கார் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி பத்திரகாளியுடையது. வண்டி ஓடும்போது வன்னியபெருமாள் பேசமாட்டார். எட்டயபுரத்தில் நாம் ஒரு கேள்வி கேட்டால் கோவில்பட்டியில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் பதில் சொல்லுவார். அதற்குள் கேட்டவருக்குக் கேள்வி மறந்திருக்கும். ஒருமுறை ஒருவர், "சாப்பிட்டீரா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் பஸ் ஏறிவிட்டார். இவர் பஸ் ஜன்னலைத் தேடிப் போய், "சாப்ட்டேன்" என்றார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பத்தாம் வகுப்புக் கணக்கு என்னைக் கைவிட்டதிலிருந்து டாக்ஸி ஸ்டாண்டு வேப்ப மரத்தடியில்தான் எனக்கு இருப்பு. இந்த மாதிரிக் காட்சிகள் ஒன்றும் தப்புவதில்லை.

இப்படிப்பட்டவருக்கு எதற்குப் பாட்டு? காரணம் தை மாசம். கல்யாண வண்டி பேச வருகிறவர்கள் இப்போதெல்லாம் டயரைப் பார்ப்பதில்லை, "பாட்டு இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். போன ஆவணியில் எட்டுக் கல்யாணம் கைநழுவியது. எண்பத்தைந்தாம் வருஷம் பிறந்து முதல் வாரத்திலேயே பத்திரகாளி முதலாளி ஸ்டாண்டுக்கு வந்து சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள என் வண்டி பாடணும் வன்னியபெருமாளு. இல்லேன்னா சாவி சோலராசுக்கு." சோலைராஜ் இருபத்தாறு வயது டிரைவர், சொந்தமாக வண்டி கிடையாது, ஹாரனிலேயே தாளம் போடுவான்.

பாட்டு வன்னியபெருமாளுக்குப் பகை இல்லை. ஆனால் ராத்திரியில் அவர் பாதி வண்டியைக் காதால் ஓட்டுகிறவர். எங்கள் பக்கத்தில் மண் கறுப்பு, ரோடு கறுப்பு, ஆடும் கறுப்பு. மார்கழி, தை மாசத்தில் காடெல்லாம் பனியில் நனைந்து கிடக்க, தார் ரோடு மட்டும் பகல் சூட்டை வைத்துக்கொண்டு கதகதவென்று இருக்கும். காட்டில் ராத்திரிக்கு அடைத்த கிடையிலிருந்து ஆடுகள் எழுந்து வந்து ரோட்டில் படுத்துக்கொள்ளும். சில நாள் கிடைக்காரரும் துப்பட்டியை இழுத்துக்கொண்டு வந்து படுத்துவிடுவார். ஆடு எப்படியும் செருமும், மனுஷன் செருமுகிற மாதிரியே. அந்தச் செருமல்தான் வன்னியபெருமாளுக்கு லைட். முப்பது வருஷத்தில் அவர் வண்டியில் ஒரு குட்டிகூட அடிபட்டதில்லை.

ஆகவே கம்பளிப் பரீட்சையில் தேறும் செட்டுக்கு இரண்டாவது பரீட்சை ஒன்று உண்டு. செட் பாடிக்கொண்டிருக்கும்; முப்பதடி தள்ளி வேப்ப மரத்துக்குப் பின்னால் நின்று ஒரு ஆள் ஆடு மாதிரி செரும வேண்டும்; கேட்டால் இவர் காருக்குள்ளிருந்து கையைத் தூக்குவார். அந்த ஆள் நான். ஆடு மாதிரி செரும எனக்கு நன்றாக வரும். ஹெட்மாஸ்டர் மாதிரியும் வரும். கணக்கு மட்டுமே என்னைக் கைவிட்டது என்று சொல்ல முடியாது.

நாலாவது செட் டங்கு டங்கென்று இடித்தது. நான் மூன்று தடவை செருமினேன், ஒரு தடவைதான் கை எழுந்தது. கழற்றியாயிற்று.

வியாழக்கிழமை ஐந்தாவது செட் வந்தது. அடக்கமான பெட்டி. ஒரே ஒரு சின்ன பல்பு. அதன்மேலும் ராஜமணி கறுப்பு டேப்பை ஒட்டிக் கொடுத்தார். சத்தம் வைக்கிற திருகு மட்டும் சொரசொரவென்று விரலுக்கு அடையாளம் சொன்னது. கம்பளிக்குள் போய் வந்தவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு. "இது வாயத் தொறக்கு, கண்ணத் தொறக்கல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏலே, மரத்துக்குப் போ" என்றார்.

போனேன். அப்போது எனக்குள் ஒரு சைத்தான் புகுந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. கேட்காவிட்டாலும் அவர் கையைத் தூக்கினால் செட் தேறிவிடும், சாவி தப்பிவிடும். மனுஷன் என்ன செய்கிறார் பார்ப்போம் என்று, செருமாமல் மரத்துக்குப் பின்னால் சும்மா நின்றேன்.

ஒரு பாட்டு முழுக்கப் பாடி முடிந்தது. கை எழவில்லை.

"செருமுனியாலே?"

"மூணு தடவ செருமிட்டேன் அண்ணாச்சி" என்றேன், முகத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு.

அவர் ராஜமணியைப் பார்த்தார். கழற்றச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "செட்டு நல்ல செட்டு. இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, காரைப் பூட்டி, சாவியைக் கையில் பொத்திக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸ் பக்கம் நடந்தார். காரை எடுக்காமல் அவர் நடந்து போய் நான் பார்த்ததே இல்லை. அது எனக்கு நல்லதாகப் படவில்லை. பின்னாலேயே போனேன்.

ஆபீஸில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் மேஜைமேல் சாவியை வைத்தார்.

"செட்டு மாட்டியாச்சு மொதலாளி. வண்டிய சோலராசுகிட்ட குடுத்துருங்க."

"ஏன், கோவமா?"

"கோவம் என்ன? காது மந்தமாயிட்டு. செட்டு பூனக்குட்டி மாதிரி மெதுவாத்தான் பாடுது. அப்பிடியும் முப்பதடியில செருமுனது எனக்குக் கேக்கல. குத்தம் செட்டு மேல இல்ல. இந்தக் காத வச்சிக்கிட்டு பொண்ணு மாப்பிள்ளைய ஏத்தக்கூடாது."

"அண்ணாச்சி, நான் செருமவே இல்ல" என்றேன்.

லேபிள் ஒட்டுகிற கைகள் நின்றன. முதலாளி, "என்னலே சொல்லுத?" என்று எழுந்துவிட்டார். வன்னியபெருமாள் என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"ஒரு தடவ கூடவா?"

"இல்லண்ணாச்சி. சும்மா நின்னேன்."

"எம்மேல பாவப்பட்டு இப்ப பொய் சொல்லுதியா?"

சத்தியம் பண்ணினேன். என் சத்தியத்துக்கு ஊரில் என்ன மதிப்பு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் முதலாளியிடம் திரும்பினார். "இவன் இனி செருமுனாலும் நம்ப முடியாது, செருமாட்டாலும் நம்ப முடியாது. நீங்க வந்து ஒருக்க செருமுங்க மொதலாளி. நீங்க சொன்னா சரி."

"நானா? ஆடு மாதிரியா?"

"மூணே தடவ."

லேபிள் ஒட்டுகிறவர்களில் ஒரு அக்கா, வெயிலுகந்தம்மாள், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குனிந்தார். முதலாளி அந்தப் பக்கம் திரும்பாமல் செருப்பை மாட்டினார்.

வெள்ளை வேட்டியும் கக்கத்தில் தோல் பையுமாகப் பத்திரகாளி முதலாளி வேப்ப மரத்துக்குப் பின்னால் போய் நின்றதை அன்று ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். செட் பாடியது. முதலாளி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுச் செருமினார். ஆடு மாதிரி இல்லை, கடன்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆனாலும் காருக்குள் கை எழுந்தது. கொஞ்சம் மெதுவாக இன்னொன்று. கை எழுந்தது. அடுத்து, எங்கள் யாருக்கும் ஒன்றும் கேட்காதபோதே மூன்றாம் தடவை கை எழுந்தது.

"அது கணக்கில்ல, நான் இன்னும் செருமல!" என்று முதலாளி மரத்துக்குப் பின்னாலிருந்து கத்தினார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "தும்மல் வந்துச்சு. வேட்டியில பொத்திக்கிட்டேன். அதுகூடவா கேட்டுச்சு?"

வன்னியபெருமாள் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துச் சாய்ந்துகொண்டார். முதலாளி போய் ஜன்னல் வழியாகச் சாவியை அவர் மடியில் போட்டார். என்னைச் செருப்பால் அடிப்பது பற்றி இரண்டு பேரும் பேசினார்கள்; நல்லவேளை, யார் அடிப்பது என்பதில் முடிவு வரவில்லை.

தை மூன்றாம் தேதி குளத்தூருக்கு முதல் கல்யாண வண்டி. பொழுது சாயும் நேரம். கொத்தமல்லிச் செடி வாசனையோடு காட்டுப் பக்கமிருந்து குளிர் காற்று வீச ஆரம்பித்துவிட்டது. பின் சீட்டில் பெண்ணின் தாய்மாமன் பிள்ளைகளோடு நெருக்கி உட்கார்ந்து, "பாட்டப் போடுங்க டிரைவரே" என்றார். போட்டார். ஊசிக் காற்றுக்காகப் பாலம்மாள் கொடுத்தனுப்பிய மப்ளரைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். ஸ்டார்ட் செய்தார். கியரில் கை வைத்தவர் நிறுத்தி, ஜன்னல் பக்கத்து மப்ளருக்குள் ஒரு விரலை விட்டு, வலது காதை மட்டும் வெளியே எடுத்துவிட்டுக்கொண்டார்.