கப்பல் காசின் தேய்ந்த விளிம்பு

மலாயா, 1952-ஆம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்குக் கிள்ளானில் பஸ் ஏறினேன். கோல சிலாங்கூருக்கு இருபத்தெட்டு மைல், கட்டணம் ஒரு வெள்ளி, அதாவது ஒரு மலாயா டாலர். பள்ளி ஆசிரியனான என் பையில் அன்று புத்தகம் இல்லை. பொற்கொல்லர்கள் வைத்திருக்கும் சின்னத் தராசும் ஒரு பூதக்கண்ணாடியும்தான் இருந்தன. அவசரகாலத்தில், காட்டில் கம்யூனிஸ்டுகளின் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருக்கும்போது, ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு காசைப் பார்க்கப் போகிறேன் என்றதும் என் மனைவி, "உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா?" என்றாள். இருக்கிறது. பழைய காசு என்று கேட்டால் மட்டும் அது லீவு போட்டுவிடும்.

ஜெராம் அருகே போலீஸ் சோதனை. எல்லோரும் இறங்கி அடையாளக் கார்டைக் காட்டினோம். என் தராசைப் பார்த்த மலாய்க் கான்ஸ்டபிள் இது எதற்கு என்று கேட்டார். பணத்தை நிறுக்க என்றேன். "எண்ண முடியாத அளவுக்கா வைத்திருக்கிறாய்?" என்று மலாயில் கேட்டுவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். பஸ்ஸில் அடுத்த அரை மணி நேரமும் என்னைப் பணக்காரனாகவே நடத்தினார்கள்.

பத்தரை மணிக்குப் புக்கிட் ரோத்தான். கோல சிலாங்கூரிலிருந்து இன்னொரு பஸ்ஸில் ஆறு மைல். அங்கே துணிக்கடை வைத்திருக்கும் நாகூர்க்காரர் காதர் பாய்தான் எனக்குச் சொல்லி அனுப்பியவர். தோட்டத்தில் பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர்ப் பால் எடுக்கும், அஞ்சலை என்ற பெண்ணிடம் கப்பல் படம் போட்ட வெள்ளிக் காசு ஒன்று இருக்கிறதாம். ஹாலந்துக்காரர்கள் ஜாவாவுக்காக அடித்த காசாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை. அதை நான் ஒரு பணக்காரரின் கண்ணாடிப் பெட்டியில்தான் பார்த்திருக்கிறேன்.

காதர் பாய் கடை மூலையிலிருந்த பழைய தையல் மிசினைக் காட்டினார்.

"நாப்பத்தஞ்சு வெள்ளி. காசுக்கும் அதே வெலதான் கேக்குது அந்தம்மா. மூணு மாசமா வந்து இத தொட்டுத் தொட்டுப் பாத்துட்டுப் போகுது. நல்ல காசா இருந்தாச் சரி. கள்ளக் காசுன்னா, அது மூஞ்சியப் பாக்க என்னால முடியாது லா."

பாயின் சைக்கிளில் ஒன்றரை மைல் மிதித்தேன். தோட்டத்தின் பெயரை எழுதக் கூடாது என்று அஞ்சலை பின்னால் என்னிடம் கேட்டுக்கொண்டார். எழுதவில்லை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி, ஒரே ஒரு வாசல். காட்டுக்காரர்களுக்குப் போய்விடும் என்று சோற்றுப் பொட்டலத்தை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். பாய் வீட்டில் கட்டிக்கொடுத்த நெய்ச்சோற்றை வாசலிலேயே நின்று தின்றுவிட்டுப் போனேன். சாயங்காலம் ஆறு மணிக்குள் வெளியேறிவிட வேண்டும் என்று காவலர் எச்சரித்தார்.

அஞ்சலைக்கு முப்பது வயதிருக்கும். கணவர் முனியாண்டி வாசலில் குந்தியிருந்தார். காசு மஞ்சள் துணியிலிருந்து வெளியே வந்தது. பளபளவென்று மின்னியது.

"டவுன்லேருந்து வாத்தியாரு வராரேன்னு புளி போட்டுத் தேச்சு வச்சேன்," என்றார் அஞ்சலை பெருமையாக.

பழைய வெள்ளியில் வருஷக்கணக்காகப் படியும் கறுப்புதான் காசு சேகரிக்கும் எங்களுக்கு முதல் சாட்சி. அந்தச் சாட்சியைப் புளி தின்றுவிட்டது. சரி, மற்றதைப் பார்ப்போம் என்று அம்மிக்கல்லின் மேல் போட்டேன். கணீரென்று நீளமாக ஒலித்தது. ஆனால் வெள்ளியிலேயே வார்த்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு. தராசில் வைத்தால் இருக்கவேண்டியதைவிட ஒரு மஞ்சாடி, அதாவது இரண்டு குன்றிமணி, எடை குறைந்தது. விளிம்பைத் தடவினேன். நல்ல காசுக்கு விளிம்பைச் சுற்றிச் சன்னக் கோடுகள் இருக்கவேண்டும். என் விரல் பட்ட இடத்தில் இது கூழாங்கல் மாதிரி வழவழவென்றிருந்தது. கோடில்லாத விளிம்பு, குறைந்த எடை இரண்டும் சேர்ந்தால் அச்சில் வார்த்த போலி என்றுதான் அர்த்தம்.

"மன்னிக்கணும்மா. எனக்குச் சந்தேகமா இருக்கு. ஓரத்துல கோடே இல்ல."

அஞ்சலையின் முகம் சுண்டிப்போனது. "கோடு இருந்துச்சே!" என்றார். "பச்சப்புள்ள வயித்துல கீறிடும்னு நாங்கதான் தேச்சோம்."

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். குழந்தை பிறந்து கொடி விழுந்ததும், தொப்புள் பிதுங்காமலிருக்கக் காசு வைத்துத் துணியால் கட்டுவார்கள். வாழைக்குக் குழி வெட்டும்போது கிடைத்த இந்தக் காசுதான் அகலமாக இருந்தது என்று லயம் முழுக்க இதையே வாங்கிப்போய்க் கட்டியிருக்கிறார்கள். சாட்சிக்கு ஆள் வேண்டுமா என்று அவர் ஒரு குரல் கொடுக்க, ஏழெட்டு வாண்டுகள் ஓடிவந்து சட்டையைத் தூக்கிக்கொண்டு என் முன் நின்றன. ஒரு தொப்புள்கூடப் பிதுங்கவில்லை.

நான் சிரித்துவிட்டேன். சிரித்தாலும், தொப்புளை நம்பி நாற்பத்தைந்து வெள்ளி கொடுக்க முடியாதே!

"யாரு தேச்சது?" என்று கேட்டேன்.

"இந்தா, இவருதான். அதுவும் ஒழுங்காத் தேச்சாரா? கை வலிக்குதுன்னு பாதியில போட்டுட்டுக் கள்ளுக்கடைக்குப் போயிட்டாரு. கொஞ்சம் சொரசொரன்னே நின்னு போச்சு. அந்தப் பக்கம் புள்ள மேல படாம நான்தான் துணி வச்சுக் கட்டுவேன்."

முனியாண்டி தலையைச் சொறிந்தார். நான் காசைப் பிடுங்காத குறையாக எடுத்து, பூதக்கண்ணாடியின் கீழ் மெல்லச் சுழற்றினேன். காசின் மறுபுறமிருந்த சிங்கக் கேடயத்துக்கு அடிப்பக்க விளிம்பில், ஒரு விரற்கடை நீளத்துக்கு, நெருக்கமாக, ஒரே சீராகக் கோடுகள்! வார்ப்பில் இப்படிக் கூர்மை வராது. கோடு தேய்ந்த இடமெல்லாம் அம்மியில் உரசிய கீறல்கள். காணாமல்போன மஞ்சாடி எங்கே போனது என்பதும் தெரிந்துவிட்டது.

"நல்ல காசும்மா. அசல்!" என்று கத்தியேவிட்டேன். முனியாண்டி எழுந்து நின்று, "நான் அன்னிக்கி முழுசாத் தேச்சிருந்தா?" என்று மனைவியைக் கேட்டார். "ஆமா, பெரிய சாதன," என்றார் அஞ்சலை. ஆனால் கண் கலங்கியிருந்தது, வாயெல்லாம் சிரிப்பு. தேய்ந்த விளிம்புக்காக விலையைக் குறைத்துக் கேட்பது எங்கள் வழக்கம். எனக்கு வாய் வரவில்லை. நாற்பத்தைந்து வெள்ளியையும் எண்ணிக் கொடுத்தேன்; அப்படியே பாயிடம் சேர்த்துவிடச் சொன்னார் அஞ்சலை.

ஐந்தரை மணிக்கு வாசலைத் தாண்டினேன். கடைக்குப் போய்ச் சேதி சொன்னதும், மறுநாள் காலை லோரியில் அஞ்சலை வீட்டுக்கு அனுப்பக் காதர் பாய் மிசினுக்குக் கயிறு கட்டத் தொடங்கினார்.

கிள்ளானில் என் வீட்டில் ஒரு பெட்டி நிறையக் காசுகள் உள்ளன. வெல்வெட்டில் பத்திரமாகக் கிடக்கின்றன, ஒருவருக்கும் உதவாமல். குறையுள்ள காசின் அடியில் குறையை எழுதிவைப்பது சேகரிப்பவர்களின் ஒழுங்கு. 'விளிம்பு தேய்ந்தது' என்று எழுதப் பேனாவை எடுத்தேன். பொய் எழுதுவது போலிருந்தது. கடைசியில் இப்படி எழுதி ஒட்டினேன்: 'விளிம்பு, பிள்ளைகளுக்காகத் தேய்த்தது.'