பூ விழும்வரை பேசக் கூடாது

காளியம்மனின் பிள்ளைகளுக்கு என் வணக்கம். எனக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

என் தங்கை மகன் வேடியப்பன் போன வருடம் வைகாசி மாதக் கடைசியில் வளைகுடாவில் சாரத்திலிருந்து விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்தது. செய்தி எங்களுக்கு வர நான்கு நாள் ஆயிற்று. அவன் தந்தை இறந்து வெகு காலம் ஆகிறது. அம்மாவுக்கு அவன் ஒரே பிள்ளை.

தங்கை காசியம்மா புதூர்நாட்டுப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து ஜீப் பிடித்து, ஆலங்காயத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து விழுந்து அழுதாள். நான் ஓய்வுபெற்ற அரசு அலுவலகக் கண்காணிப்பாளர். எந்த மனு எந்த மேசையில் எத்தனை நாள் உறங்கலாம் என்பதை விதி எண்ணோடு சொல்வேன். அந்தத் திமிரில் அவளிடம் சொன்னேன்: "அழாத. இதுக்கெல்லாம் ஒரு நடைமுறை இருக்குது."

இன்று அந்த வாக்கியத்தை நினைத்தால் நாக்கு கூசுகிறது.

தூதரகத்துக்கும் துறைக்கும் நிறுவனத்துக்கும் நகல்களோடு எழுதினேன். அத்தனைக்கும் பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. மனு அழகாக இருந்ததற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். நிறுவனமோ கடிதமெல்லாம் வேண்டாம், போனில் பேசுவோம், தாயும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றது. மாட்டையும் வீட்டையும் விட்டுவிட்டு அவள் எத்தனை நாள் கீழே இருப்பாள்? நான் மலை ஏறினேன்.

அந்தக் கிராமத்தில் செல்போன் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில். காளியம்மன் கோயில் வாசலில் சூலம் நட்ட இடத்திலிருந்து மூன்று அடி. நான்காவது அடி வைத்தால் போய்விடும். ஆகவே எங்கள் பேச்சுவார்த்தை முழுவதும் அம்மன் எதிரில்தான் நடந்தது.

எனக்கு ஆங்கிலம் தெரியும். எழுத. பேச உட்கார்ந்தால் "மேற்படி பொருள் தொடர்பாக" என்ற ஆங்கிலம்தான் வரும். அதனால் வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டில் ஒரு புத்தகம் வாங்கினேன். தொலைபேசி, கூட்டம், பேரம் என்று மூன்று பகுதி. அறுபத்தாறு வயதில் சூலத்தடியில் நின்று மனப்பாடம் செய்தேன். "கேன் வீ ஃபைண்ட் எ மிடில் கிரவுண்ட்?" என்ற சமரச வாக்கியத்தை நான் சொல்லிப் பார்க்கும்போது, தன் அழைப்புக்காகக் காத்திருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்: "இன்னாடி, இவரு புது மந்திரம் சொல்றாரு?"

"காளிக்கு இங்கிலீசு கத்துத் தர்றாருடி."

சிரிக்கட்டும். புத்தகம் பலிக்கவில்லை என்பதுதான் எனக்குச் சிரிப்பாக இல்லை. நான் முதல் பகுதியில் ஒரு வாக்கியம் எடுத்தால் அவர்கள் மூன்றாம் பகுதியில் பதில் வைத்திருந்தார்கள். "ஐ வில் கெட் பேக் டு யூ." திரும்பக் கூப்பிடுகிறேன் என்று அர்த்தம், கூப்பிட மாட்டார்கள். "லெட் மீ எஸ்கலேட் திஸ்." மேலே கொண்டுபோகிறேன் என்று அர்த்தம், மேலே யார் என்று சொல்ல மாட்டார்கள். "ப்ளீஸ் பேர் வித் அஸ்." பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்கு மட்டும் வேறு அர்த்தம் கிடையாது.

ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் காசியம்மா கேட்பாள்: "இன்னாண்ணா சொல்றாங்க?"

"பாத்துட்டுச் சொல்றாங்களாம்."

கோயில் பூசாரி சின்னராஜ் ஒரு நாள் இதைக் கேட்டுக்கொண்டு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். துடைப்பத்தை நிறுத்தாமலே சொன்னார்: "நானும் உங்க ஆபீசுக்கு வந்தவன்தான் சார். பையன் படிப்புக்கு சாதிச் சான்று கேட்டு ஏழு தடவ. மலையிலருந்து எறங்கி, பஸ் மாறி. ஒவ்வொரு தடவயும் மரியாதையாத்தான் அனுப்பினீங்க. நடவடிக்கையில இருக்குது, போய்ட்டு வாங்கன்னு."

"பையன் சேந்தானா?"

"அந்த வருசம் போயிடுச்சி சார்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஒரு விதியைக் காட்டியிருப்பேன். அவர் முகம்கூட எனக்கு நினைவில் இல்லை. அந்தப் புத்தகத்தின் அத்தனை வாக்கியங்களையும் நான் தமிழில் பேசியே ஓய்வூதியம் வாங்கியவன் என்று அன்றுதான் உறைத்தது.

ஆடி முதல் வாரம் வேடியப்பன் யாருடைய போனிலோ பேசினான். "மாமா, ஆஸ்பத்திரிலருந்து தங்குற ரூமுக்கு மாத்தப் போறாங்களாம். நாலாவது மாடி. லிப்ட் இல்ல. திரும்பிப் படுக்கவே ரெண்டு பேரு வேணும் மாமா. அங்க போனா நான் எந்திரிக்கவே மாட்டேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க."

நான் சொல்லவில்லை. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவளே கேட்டுவிட்டாள்.

நிறுவனமும் அதையே கேட்டது. விமானத்தில் அனுப்பலாம் என்று மருத்துவர் கடிதம் இன்னும் வரவில்லையாம். வரும்வரை அவனை அறைக்கு மாற்ற நாங்கள் வாயால் சம்மதிக்க வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்குக் கடைசி அழைப்பு. எடுக்காவிட்டால் குடும்பத்தைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று குறித்துக்கொள்வார்கள். அந்தக் குறிப்பை வைத்து என்னென்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியும். செய்திருக்கிறேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் சூலத்தின் முன் உட்கார்ந்தேன். மனுப் போலவே வேண்டிப் பழக்கம்: பொருள், பார்வை, கோரிக்கை. அன்று ஒன்றும் வரவில்லை. "தாயே, எனக்குத் தெரிந்த வழியெல்லாம் அடைத்துவிட்டது. என் மேசைக்கு வந்தவர்களுக்கு நான் அடைத்த மாதிரியே. பையனைத் தண்டிக்காதே" என்று மட்டும் சொன்னேன். அழுதேன். துண்டை ஆலங்காயத்திலேயே மறந்திருந்தேன், சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

காசியம்மா செவ்வாய்க் காலை பூ கேட்க ஏற்பாடு செய்திருந்தாள். ஈர அரளிப்பூவை அம்மன் தோள்கள் இரண்டிலும் ஒட்டிவைப்பார் பூசாரி. வலப்பக்கப் பூ விழுந்தால் நல்லது. எங்கள் ஊர் வழக்கப்படி, பூ வைத்தது முதல் விழும்வரை அங்கே நிற்கும் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. நமக்கு அழைப்பு பதினொன்றரைக்குத்தான், அதற்குள் விழுந்துவிடும் என்று ஒத்துக்கொண்டேன். பதினொன்றுக்குச் சற்று முன்னால் பூ வைத்தார்.

வைத்த கையோடு போன் அடித்தது. நாற்பது நாளில் அவர்கள் நேரத்துக்கு முன்னால் அழைத்தது அதுதான் முதல் தடவை.

எடுக்காமல் இருக்க முடியாது. பொத்தானை அழுத்தி "குட் மார்னிங்" சொல்ல வாய் திறந்தேன். என் எதிரில் உட்காரவே தயங்கும் தங்கை, தன் கையால் என் வாயைப் பொத்தினாள். அதை விலக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஹலோ? சார், ஆர் யூ தேர்?" மூன்று முறை கேட்டார் நிறுவனத்தின் மேலாளர். பிறகு அவர் குரல் வேறு பக்கம் திரும்பியது. அந்த மலையில் லைன் இப்படித்தான், போய்விட்டது, கொஞ்சம் பார்ப்போம் என்றார். அந்தப் பக்கம் இருந்த ஒரு பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்குப் பேசத்தான் வராது. கேட்டால் காற்புள்ளிகூடத் தெரியும்.

"மருத்துவர் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டதே. ஏன் இவர்களிடம் சொல்லவில்லை?"

"இயக்குநர் கையெழுத்து வேண்டும். அவர் ஊரில் இல்லை. இவர்கள் அறைக்குச் சம்மதித்துவிட்டால் அவசரமில்லை."

"அந்தப் பையனால் நகரவே முடியாது சார்."

காசியம்மாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. என் கண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சின்னராஜ் அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டையில் முப்பது வருட ஆங்கிலம் முட்டியது. பேசியிருந்தால் அந்தக் கடிதம் வந்தது எங்களுக்கு இன்றும் தெரிந்திருக்காது.

பூ விழுந்தது. வலப்பக்கம்.

தங்கை கையை எடுத்தாள். புத்தகத்தில் ஒரு வரியும் ஞாபகம் வரவில்லை. என் பழைய அலுவலக ஆங்கிலம்தான் வந்தது. "ஐ ஹேவ் ஹேர்ட் எவ்ரிதிங். கைண்ட்லி ரெக்கார்ட் இட் இன் த மினிட்ஸ்." எல்லாவற்றையும் கேட்டேன், கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள் என்றேன்.

மேலாளர் அல்ல, அந்தப் பெண்தான் பதில் சொன்னாள்: "யெஸ் சார். ஐ வில் ரெக்கார்ட் இட்."

ஏற்றினாள். சாயங்காலமே மின்னஞ்சல் வந்தது, மருத்துவர் கடிதம் வந்த தேதியோடு. அவள் முகமும் தெரியாது, முழுப்பெயரும் தெரியாது. அந்தக் குறிப்பைத் தூதரகத்துக்கு அனுப்பினேன். பதினோராம் நாள் வேடியப்பன் சென்னையில் ஸ்ட்ரெச்சரில் இறங்கினான். நாலாவது மாடிக்கு அவனை ஏற்றவே இல்லை.

இன்று கோலூன்றி நடக்கிறான். பழைய வேலைக்கு இனி போக முடியாது. அதை மறைத்துச் சாட்சி சொல்ல மாட்டேன்.

சிக்னல் தற்செயலாக அறுபடாமல் இருந்தது, மேலாளர் கவனக்குறைவாகப் பேசினார் என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஒரு குறிப்பு எழுத எனக்கும் தெரியும். ஆனால் என் வாயை என்னாலேயே மூட முடிந்ததில்லை. அதை மூடியது யார் என்று எனக்குத் தெரியும்.

சின்னராஜிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க சார்" என்று குங்குமம் கொடுத்தார். மகனுக்குப் போன அந்த வருடத்தை என்னால் திருப்பித் தர முடியாது. இப்போது யாராவது மனு எழுத உதவி கேட்டு வந்தால், ஆகும், ஆகாது, இன்ன நாளில் என்று மூன்றில் ஒன்றைத்தான் சொல்கிறேன். பாத்துட்டுச் சொல்றேன் என்ற வாக்கியத்தை அம்மன் காலடியில் வைத்துவிட்டேன்.

உங்களில் யாராவது இன்று எங்கோ ஒரு வாசலில், எல்லா வார்த்தையும் தீர்ந்து நிற்கலாம். தீர்ந்ததே என்று பயப்படாதீர்கள். அப்படியே அவள் முன்னால் போய் நில்லுங்கள். பூ விழ நேரமாகும். விழும்.