ராஜபாளையத்துக் குட்டிக்குத் தயிர்சாதம்

அந்த நாய்க்குட்டி எனக்காக வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் எனக்குள் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் இதுதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். நான் தொழிற்சாலையின் ரசாயனப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். என்னோடு வேலை பார்த்த ஒருவர் ராஜபாளையத்துக்காரர். அவர் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் எனக்கொரு குட்டி வேண்டும் என்று கேட்டுக்கேட்டு அவரைச் சலிக்க வைத்திருந்தேன். கடைசியில் ஒரு பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பும்போது பழக்கூடையில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்துவிட்டார். வெள்ளை வெளேரென்ற உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. ஆனால் கூடையில் இரண்டு இருந்தன. ஒன்றை மட்டும் அனுப்பினால் ரயிலில் கத்தித் தீர்த்துவிடும் என்று துணைக்கு இன்னொன்றையும் போட்டுக் கொடுத்தார்களாம்.

துணைக்கு வந்த குட்டி எதிர்வீட்டுக்காரனுக்குப் போயிற்று. அவன் ஸ்டேஷனுக்கு வந்ததே கூடையைத் தூக்கத்தான். நான்தான் கூப்பிட்டிருந்தேன். கூடைக்குள் கையை விட்டு ஒன்றைத் தூக்கினான். அது அவன் முகவாயை நக்கியது. "அண்ணாத்தே, இத நான் வச்சிக்கினா இன்னா?" என்றான். ராஜபாளையத்துக்காரர் சிரித்துக்கொண்டே, "வச்சிக்கோ, நானும் எங்க கொண்டு போவேன்?" என்று சொல்லிவிட்டார். நான் ஒரு வருடம் காத்திருந்து வாங்கியதை அவன் நின்ற நிலையில் வாங்கிக்கொண்டான்.

அவன் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டினான். என்னைவிட நாலைந்து வயது இளையவன். மண்ணூர்பேட்டையில் பிறந்தவன். அவன் அப்பா கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில்தான் இப்போது தொழிற்பேட்டை இருக்கிறது என்று சிரித்தபடி சொல்வான். எதையும் சிரித்தபடிதான் சொல்வான். எங்கள் வரிசையில் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் அவனைக் கூப்பிடுவார்கள். என் மனைவியே சிலிண்டர் மாற்ற அவனைத்தான் கூப்பிடுவாள். எனக்கு மாற்றத் தெரியும். அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். "அவரு வந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும், நீங்க சிலிண்டரோட வந்த குறிப்பைப் படிச்சு முடிக்கவே சாயங்காலம் ஆயிடும்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை.

குட்டிக்கு என்ன தருவது என்பதைப் படித்துத்தான் முடிவு செய்தேன். நூலகத்தில் நாய் வளர்ப்புப் பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. மாட்டிறைச்சி, ஈரல், ஓட்ஸ் என்று அடுக்கியிருந்தார்கள். ஓட்ஸை விட்டுவிட்டு மற்றதை மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன். நாங்கள் சைவம்.

"நாய் வேணும்னீங்க, சரின்னேன். கறின்னா அது இந்த வாசலைத் தாண்டி உள்ள வராது. பால் ஊத்துங்க, தயிர்சாதம் போடுங்க. நம்ம புள்ளைங்க அதைச் சாப்பிட்டுத்தானே வளருது?"

அப்படியே ஆயிற்று. காலையில் பாலில் கரைத்த கேழ்வரகுக் கஞ்சி, மத்தியானம் தயிர்சாதம், இரவில் பாலும் ரொட்டியும். கறி இல்லாத குறையைச் சரிக்கட்ட, பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கும் சுண்ணாம்புச் சத்து டானிக்கும் மீன் எண்ணெய் மாத்திரையும் வாங்கினேன். இளஞ்சிவப்பு நிற டானிக். மீன் எண்ணெய்க்கு என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மருந்துக் கடையிலிருந்து வந்ததால் அது மருந்தாகிவிட்டது. பரிசோதனைக் கூடத்தில் சொட்டுச் சொட்டாக அளக்கிற நான், வீட்டில் அந்த டானிக்கை மூடி மூடியாக ஊற்றினேன். நல்லது அதிகமானால் இன்னும் நல்லது என்று நினைத்தேன்.

எதிர்வீட்டில் கணக்கே வேறு. அவன் மச்சான் மேனாம்பேட்டில் கறிக்கடை வைத்திருந்தான். அங்கிருந்து ஜவ்வு, எலும்பு, விலைபோகாத துண்டுகள் வரும். பின்கட்டில் பழைய அலுமினியக் குண்டானில் அவற்றோடு அரிசி நொய்யும் பூசணித் துண்டும் மஞ்சளும் போட்டு வேகவைப்பான். அந்த வாசனை தெருவைக் கடந்து வரும்போது என் குட்டி கம்பிக் கதவில் மூக்கைத் திணித்துக்கொண்டு அழும்.

"இன்னா அண்ணாத்தே, வேட்ட நாய்க்குத் தயிர்சாதமா? அடுத்து மோர்மொளகா கேக்கப் போவுது பாரு" என்று அங்கிருந்தே கத்துவான். தெருவே சிரிக்கும். என் மனைவியும் சிரித்தாள். அன்றைக்கே சாயங்காலம் வாசலுக்கு வந்து தணிந்த குரலில் சொன்னான்: "உங்க ஊட்ல ஆவாதுன்னா இங்க அனுப்பு அண்ணாத்தே. ரெண்டும் ஒரே தட்டுல துன்னுட்டுப் போவட்டும். அண்ணிக்கும் தொல்ல இல்ல."

மனைவிக்கு இது பிடித்திருந்தது. மறுக்க எனக்கும் காரணம் கிடைக்கவில்லை. சில நாட்கள் என் குட்டி அங்கே போய்ச் சாப்பிட்டது. இரண்டையுமே அவன் "நைனா" என்றுதான் கூப்பிடுவான். எதைக் கூப்பிட்டாலும் இரண்டும் ஓடும். நான் வைத்த பெயருக்கு என் குட்டி தலையைக்கூடத் திருப்பாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வாசலில் நின்று கூப்பிட்டேன். எதிரே அவன் படியில் உட்கார்ந்திருந்தான். என் குட்டி என்னைப் பார்த்தது. பார்த்துவிட்டுத் தலையை மறுபடி அவன் மடியில் வைத்துக்கொண்டது. "போ நைனா, அப்பா கூப்புட்றாரு" என்று அவன் அதைத் தள்ளிவிட்டான். அவன் தள்ளிவிட்ட பிறகே என் நாய் என்னிடம் வந்தது.

அன்றே சங்கிலி வாங்கினேன். வராந்தாத் தூணில், சிமெண்டுத் தரையில் கட்டிப்போட்டேன். அதன் வயிற்றுக்கு அந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். பாலைக் கூட்டினேன், டானிக்கையும் கூட்டினேன். அவன் குட்டியைவிட என் குட்டி பெரிதாக வேண்டும். வேறு ஒன்றும் என் புத்தியில் இல்லை.

பெரிதாகவும் ஆயிற்று. கொழுகொழுவென்று இருந்ததைப் பார்த்து, "குட்டின்னா இது குட்டி" என்று தெருவில் சொன்னார்கள். எதிர்வீட்டுக் குட்டி விலா எலும்பு தெரிய ஒல்லியாக இருந்தது. ஆனால் மைதானத்தில் அவன் பந்தை வீசினால் அது புல்லில் கால் பாவாமல் போகும். நான் என் குட்டியைச் சங்கிலியோடு பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்று பார்ப்பேன். அந்த ஓட்டத்தை எனக்குப் பார்க்கவும் பிடிக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

பிறகு என் குட்டியின் முன்னங்கால்கள் வளைய ஆரம்பித்தன. மணிக்கட்டு வீங்கி, பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டன. நின்றால் இரண்டு கால்களும் அடைப்புக்குறி போல இருக்கும். மனைவிதான் முதலில் பார்த்தாள். "ஏங்க, இது நடக்கிறதே சரியில்லையே" என்றாள்.

கூடையில் வைத்து சைக்கிளில் கட்டிக்கொண்டு அம்பத்தூரில் இருந்த கால்நடை மருத்துவரிடம் போனேன். அவர் கால்களைப் பிடித்துப் பார்த்தார். என்ன கொடுக்கிறீர்கள் என்றார். ஒன்று விடாமல் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"சார், இது பெரிய ஜாதி. இது மெதுவா வளரணும். எலும்பு கெட்டியாகறதுக்கு முன்னாடி உடம்பு ஏறிட்டா கால் தாங்காது. இந்த டானிக்கை இன்னையோட நிறுத்துங்க, மீன் எண்ணெயும் வேண்டாம், அதுவும் சேர்ந்துதான் கெடுக்குது. சோத்தோட கொஞ்சம் கறி, காய், முட்டை, அளவாப் போடுங்க. கட்டிப் போடாதீங்க, மண்ணுல நடக்க விடுங்க. சின்னக் குட்டிதான், நேராக வாய்ப்பிருக்கு."

"எதிர்வீட்டுல இதோட கூடப்பிறந்தது ஒண்ணு இருக்கு, அதுக்குக் கறிச்சோறுதான்" என்றேன். "அப்ப அவரையே கேட்டுக்குங்களேன், அவர் சரியாத்தான் போடறார்" என்றார்.

அந்தப் பதிலோடு ஆவடிவரை சைக்கிள் மிதித்தேன்.

தெருமுனையில் அவன் தன் குட்டியோடு நின்றிருந்தான். எனக்காகக் காத்திருந்தான் என்று பார்த்ததும் தெரிந்தது. "இன்னா சொன்னாரு டாக்டரு?"

"கறியும் எலும்பும்தான் காரணமாம்" என்றேன். "இந்த வயசுல அது ஆகாதாம். டானிக் இன்னும் கூட்டச் சொன்னார்."

யோசித்து வைத்துச் சொன்னதல்ல. என் நாய் அவன் வாசலுக்கு இனிமேல் போகக் கூடாது, அவனும் கூப்பிடக் கூடாது. அதற்காகத்தான் சொன்னேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. "நாந்தானே அண்ணாத்தே போட்டேன்" என்றான். பிறகு காலடியில் நின்ற தன் குட்டியைப் பார்த்தான். "அப்ப இதுக்கும் ஆவாதா?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். உன்னுடையது நன்றாகத்தானே இருக்கிறது, விடு என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "ரெண்டும் ஒரே ஈத்துதானே."

அடுத்த நாளே அதே இளஞ்சிவப்பு பாட்டிலை என்னிடம் தூக்கிக் காட்டினான். "நீ குடுக்குறதேதான் வாங்கிக்கீறேன், சரியா பாரு." வாங்கிப் பார்த்தேன். சரி என்றேன். எதிர்வீட்டுப் பின்கட்டில் குண்டான் கொதிப்பது நின்றது. பால் சோறு வந்தது. மருத்துவர் கட்டிப்போடச் சொன்னாரா என்று அவன் கேட்கவில்லை. என் குட்டி கட்டிக் கிடந்ததைப் பார்த்து அவனாகவே தன்னுடையதையும் கட்டிவிட்டான்.

என் வீட்டில் நான் டானிக்கைச் சாக்கடையில் கொட்டினேன். கொல்லையில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வைத்து முட்டை அவித்தேன். மருத்துவர் சொன்னார் என்றதும் மனைவி முட்டைக்கு ஒத்துக்கொண்டாள். கொல்லைக் கதவைச் சாத்தி, மண்ணில் குட்டியை அவிழ்த்துவிட்டேன். அவன் கண்ணில் படாதபடி எல்லாவற்றையும் செய்தேன். என் குட்டியின் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக நேராயின. தெருவுக்கு எதிரே இன்னொரு குட்டி கொழுகொழுவென்று ஆகிக்கொண்டிருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது என் கண் முதலில் அதன் மணிக்கட்டுக்குத்தான் போகும். வீக்கம் தெரிந்த அன்று எனக்கு வருத்தம் வரவில்லை. மைதானத்தில் இனி நான் ஓரமாக நிற்க வேண்டியதில்லை என்று தோன்றியது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் தோன்றியது அதுதான்.

பல வாரங்கள் கழித்து ஒரு நாள் மாலை அவன் வந்தான். குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். அதற்கு அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. வாசலிலேயே நின்றான்.

"மன்னிச்சிக்க அண்ணாத்தே" என்றான். "உன் புள்ள கால நான் கெடுத்துட்டேன். துன்ன வச்சா பாசம்னு நெனச்சிக்கினு கண்டதையும் போட்டேன். நான் நிறுத்துனேன், உன்னுது நேராயிடுச்சு. இத்தப் பாரு, இதுக்கு எம்மாந் துன்ன வச்சேனோ, இன்னும் வளைஞ்சிகினே போவுது. டானிக்க இன்னும் கூட்டட்டுமா? நீ படிச்சவரு, சொல்லு."

என் மனைவி உள்ளேயிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். குட்டி அவன் கையிலிருந்தபடியே என் விரலை நக்கியது. அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். "பரவாயில்ல, விடு" என்றேன். அவனை மன்னித்தேன்.

பிறகு, டாக்டரை மறுபடி பார்த்தேன் என்று இன்னொரு பொய் சொன்னேன். இப்போது வயது ஏறிவிட்டதால் டானிக்கை நிறுத்தச் சொன்னார், கறிச்சோறு போடலாம், அவிழ்த்துவிடலாம் என்றேன். அவன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "எனக்காவ சைக்கிள் மிதிச்சிகினு போயி கேட்டியா?" என்றான். கதவைச் சாத்திய பிறகு மனைவி என்னைப் பார்த்து, "எப்போ போனீங்க?" என்று கேட்டாள். நான் குட்டியை அவிழ்த்துவிடக் கொல்லைப் பக்கம் போனேன். அவள் அதற்குப் பிறகு கேட்கவுமில்லை.

காலம் தாழ்ந்துவிட்டது. அவன் நாயின் முன்னங்கால்கள் முழுதாக நேராகவே இல்லை. ஓடப் பிறந்த நாய், தெருவில் நாலு வீடு நடந்தால் உட்கார்ந்துவிடும். அதனாலேயே தெருவுக்கு அதன்மேல் அன்பு கூடிவிட்டது. போகிறவர்கள் குனிந்து தடவிவிட்டுப் போவார்கள். நேரான காலோடு நின்ற என் நாயை யாரும் தடவவில்லை. அதையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அவன் நாய் செத்தது. அவன் வீட்டுப் பின்கட்டில் முருங்கை மரத்தடியில் குழி தோண்டினான். வரிசையில் இருந்தவர்கள் வந்து நின்றார்கள். நானும் போனேன். வேட்டியில் மண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் எல்லோரிடமும் சொன்னான்: "இந்த அண்ணாத்தே மட்டும் டாக்டராண்ட கேட்டு சொல்லலன்னா, இது அப்பவே பட்த்துக்கினு இருக்கும். இவராலதான் இவ்ளோ நாள் நடந்துச்சு." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் அடக்கமானவன் என்று நினைத்திருப்பார்கள். வாயைத் திறக்க அதைவிடத் தகுந்த இடம் எனக்கு வாய்த்திருக்காது. திறக்கவில்லை.

என் கிழட்டு நாய் பின்னாலேயே வந்திருந்தது. குழியை மோந்து பார்த்தது. சுற்றி வந்து, அவன் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவன் குனிந்து அதன் கழுத்தைத் தடவி, "நைனா" என்றான். வாலை ஆட்டியது.

கூட்டம் கலைந்ததும் நான் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என்னைப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை. அவன் நாயைக் கெடுத்தவன் நான் என்று தெரிந்தும், அந்தக் குழியருகே நின்றுகொண்டும், எனக்குள் முதலில் எழுந்தது அந்தப் பழைய எரிச்சல்தான். இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன்.