புள்ளிக்குப் பின் ஒரு ‘ம்’

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அண்ணன் இருந்த காலத்தில் எனக்கு வந்த காய்ச்சல்களில் நாலைந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்தவை. எஸ்.எம்.எஸ்.ஸில்தான் வந்தன, உடம்புக்கு வரவில்லை.

அண்ணன் பிறந்தது ஆமத்தூரில். அப்பா தவறியதும் படிப்பை விட்டுச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சேர்ந்து, என்னைப் படிக்கவைத்தார்கள். நான் விருதுநகரில் ஆங்கில ஆசிரியரானேன். ஆங்கிலம் என்னவோ அண்ணனிடமே தங்கிவிட்டது. வெளிநாடு போகும் பட்டாசுப் பெட்டிகளின் எச்சரிக்கை வாசகங்களுக்கு அவர்கள்தான் புரூப் பார்த்துப் பிழை திருத்தினார்கள்.

“இம்புட்டுக் கமா எதுக்குண்ணே? இப்பல்லாம் இங்கிலீஷ்ல யாரு போடுறா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஏலே, நீ சேர்ல உக்காந்து படிக்கிறவன். திரிய கொளுத்துறவன் அவசரத்துல படிப்பான். தள்ளி நில்லுன்னு நானா போய்க் கையைப் பிடிக்க முடியும்? அந்தக் கமாதான் அவனைச் செத்த நேரம் நிறுத்தணும்.”

மாலையில் வேலை வீட்டுக்கு வரும். எட்டாவது வரை படித்த மதினி, பொருள் தெரியாமலே, ‘கமா’, ‘புல்ஸ்டாப்’ என்று குறிகளையும் சேர்த்து ஆங்கில மூலப்பிரதியை உரக்கப் படிப்பார்கள். அச்சுப்படியில் பேனாவை ஓட்டும் அண்ணன், ஒவ்வொரு புல்ஸ்டாப்புக்கும் ‘ம்’ என்பார்கள். ‘ம்’ வந்தால்தான் அடுத்த வரி.

மதினி காலமானார்கள். மகள் கோயம்புத்தூரில். “ஞாயித்துக்கிழமை வந்து ஒரு மணி நேரம் படியேன்” என்று அண்ணன் கூப்பிட்டார்கள். ஒருமுறை போனேன். கமாக்களை முழுங்கிக்கொண்டே படித்தேன். “வாத்தியாரே, மூச்சு விடும்” என்றார்கள். அதன் பிறகுதான் காய்ச்சல்கள்.

ஒரு புள்ளிகூட இல்லாமல் நான் அனுப்பும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கு, ஆங்கிலத்தில் பதில் வரும்: ஓய்வெடு, தம்பி. அவசரமில்லை. அந்தக் குட்டிப் பொத்தான்களில் கமாவைத் தேடிப் பிடித்துப் போட்டிருப்பார்கள். ஆசிரியர் அறையில் காட்டிச் சிரித்தேன்.

ஒரு தீபாவளி சீசனில் சொல்லாமல் போனேன். கதவு திறந்திருந்தது. எனக்கு முதுகு காட்டி அமர்ந்து, அண்ணன் தனியாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். “கமா… புல்ஸ்டாப்.” சற்று இடைவெளி. பிறகு அவர்களே, “ம்.”

உள்ளே போய்த் தாளை வாங்கியிருக்கலாம். செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பி, பஸ் ஏறிவிட்டேன்.

அண்ணன் படுக்கையில் விழுந்த பிறகு, ஆஸ்பத்திரியில்தான் ஒழுங்காகப் படித்தேன். ஆங்கிலப் பேப்பர், ஒரு குறி விடாமல். கண்ணை மூடியபடி அண்ணன் ‘ம்’ சொன்னார்கள். “சார், செய்தி மட்டும் போதும், கமாவெல்லாம் எங்களுக்கு எதுக்கு?” என்றார் பக்கத்துக் கட்டில்காரர். மூன்றாம் நாள் ‘ம்’ நின்றது. பக்கம் முடியும்வரை நான் நிறுத்தவில்லை.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், கடைசி வரை உடன் வந்த தெருக்காரர்களுக்கும், அண்ணனின் இந்த நினைவு மலரை அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும், கமாவைப் பொறுத்துக்கொண்ட அந்தக் கட்டில்காரருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இக்கட்டுரையின் புரூப்பை அண்ணன் மகளிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிவப்புப் பேனா கேட்டாள்.

“சித்தப்பா, இதை யாரு கூட உக்காந்து பாத்தீக?”

“தனியாத்தான்.”

“அதான் தெரியுதே.”