நிற்காத கூம்பு

ஷார்ஜா வீட்டில் வாரம் முழுக்கத் தனியாக இருக்க முடியாமல்தான் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கணவருக்கு ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனி வேலை. வியாழன் மாலை வருவார், சனி விடிவதற்குள் போய்விடுவார்.

முட்டை வெள்ளைக்கருவிலிருந்து எடுத்த புரதத்தைக் கரைத்து, உலோக ஊசி வழியாக மெல்லத் தள்ளுவோம். ஊசிக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்தால், நுனியில் தொங்கும் துளி கூம்பாக இழுபட்டுச் சாரலாகப் பிரியும். பறக்கும்போதே உலர்ந்து, எதிரே உள்ள அலுமினியத் தாளில் நானோ துகள்களாகப் படியும். மருந்தை அவற்றுக்குள் வைத்து உடம்புக்குள் அனுப்ப வேண்டும் என்பது பேராசிரியரின் ஆசை. அவர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி.

அந்தக் கோடையில் ஏசி பழுதாகி, கடல் ஈரம் அறைக்குள் ஏறிவிட்டது. துகள்கள் உலராமல் தாளில் அப்பிக்கொண்டன. கூம்பு துடித்தது, சிதறியது. நானும் ஓரிடத்தில் நிற்கவில்லை. கணவரின் கான்ட்ராக்டைப் புதுப்பிப்பார்களா என்று தெரியாமல், செல்போனை எடுப்பதும் வைப்பதுமாக மேசையைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, நீர் நடக்கிற காத்துக்கே அது ஆடுது. ஒரு இடத்தில இரும்," என்றார் பேராசிரியர்.

உட்கார்ந்தேன். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

ஏசியைச் சரிசெய்து, ஊசியைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி வைத்த பிறகு கூம்பு அசையாமல் நின்றது. அன்று மதியம் கணவர் போன் செய்தார். "கலாஸ். கான்ட்ராக்ட் முடிஞ்சுது, புதுப்பிக்க மாட்டாங்களாம். கோயம்புத்தூருக்கே போயிரலாம்."

அவர் வேலை போனால் அதோடு என் விசாவும் போய்விடும். போனை வைத்ததும் பேராசிரியரிடம் போனேன். "மேடம், எனக்குக் காலேஜ் விசா கிடைக்குமாங்க?"

"கேட்டுப் பாக்கிறன். சத்தியம் பண்ண ஏலாது."

விசா கேட்டிருப்பதை வெள்ளிக்கிழமை கணவரிடம் சொன்னேன். மைக்ரோஸ்கோப்பில் எடுத்த படத்தையும் காட்டினேன். உருண்டை உருண்டையாகத் துகள்கள், நடுவே சில சுருங்கியவை. அவர் படத்தைப் பார்க்கவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

அவர் பால்கனிக்குப் போய் உலர்ந்த துணிகளை எடுத்து மடித்தார். திரும்பி வந்து, "வீட்டு வாடகைக்கு என்ன பண்ணுவே?" என்றார். அதுதான் சம்மதம்.

விசா வந்தது. அவர் முன்னால் ஊருக்குப் போனார். நான் அடுத்த கோடை வரை இருந்தேன். மருந்தைத் துகளுக்குள் வைக்க முடிந்தது, ஆனால் மெல்ல மெல்லக் கசியாமல், தண்ணீர் பட்டதுமே அது மொத்தமாக வெளியே வந்தது. அதைத் தடுக்க வழி தெரியாமலே விமானம் ஏறினேன். கோயம்புத்தூரில் இறங்கும்வரை கரைசலின் அளவுகளை மனசுக்குள் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.