நூற்றைந்தாம் எண்

அந்தச் சரக்குக் கம்பெனியில் அவருடைய உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் புள்ளி. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நெட்வொர்க் எண் போடுவது அவர் வேலை. போடும்போது "நூத்தித் தொண்ணூத்திரெண்டு புள்ளி, நூத்தி அறுபத்தெட்டு புள்ளி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவார். மூன்று மாடி, நூற்று நாற்பது கம்ப்யூட்டர், பதினொரு பிரிண்டர், அடித்தளத்தில் குளிரில் விறைத்துக் கிடக்கும் நான்கு சர்வர். அத்தனையின் எண்ணும் அவருக்கு நாக்கு நுனியில் இருக்கும். "கம்பெனியிலேயே பெரிய புள்ளி நம்ம ஆள்தான்" என்று கணக்குப் பிரிவில் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துவைப்பார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். புதிதாக வந்து சேரும் போன், லேப்டாப்புக்கெல்லாம் ரவுட்டரே எண் கொடுத்துவிடும். நூறிலிருந்து இருநூறு வரை அதன் கையிருப்பு. பிரிண்டர், கேமரா மாதிரி ஒரே எண்ணில் இருக்கவேண்டிய சாமான்களுக்கு நாம் கையால் எண் போடும்போது அந்தக் கையிருப்பில் கைவைக்கவே கூடாது. வைத்தால் என்றைக்காவது அதே எண்ணை ரவுட்டர் வேறு யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடும். இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் பாவம் என்ன செய்வார்? ஒருமுறை கிடங்கு மேனேஜர் தானே ஒரு பிரிண்டருக்கு நூற்றிருபது என்று போட்டுக்கொண்டார். "சார், இஷ்டத்துக்கு நம்பர் போட இது உங்க வீடு இல்ல" என்று எல்லோர் முன்னாலும் புள்ளி எகிறிவிட்டார்.

இஷ்டத்துக்குப் போட்டிருந்தது அவர் வீட்டில்தான்.

மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்றைக்கே கட்டிலுக்கு எதிரே ஒரு கேமரா மாட்டினார். ஸ்டூல் மேல் நின்றபடி, ஒரு கையில் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு எண் போடும் நேரம் பார்த்து அவளுக்குப் புரையேறியது. வாயில் வந்த நூற்றைந்தைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினார். ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொள்ளலாம், இரண்டு நிமிட வேலை என்று நினைத்தார். முப்பது ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

கேமரா என்னவோ ஒழுங்காகத்தான் வேலை செய்தது. ஆபீஸில் அவருடைய திரையின் மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரத்தில், அவள் நாள் முழுக்க இருப்பாள். இருபது வருஷக் குடித்தனத்தில் அவர் மனைவியை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் அவள் கேமராவைப் பார்த்து இடது கையைத் தூக்குவாள். பகலில் கூட இருக்கும் நர்ஸம்மா கவனிக்காவிட்டால் புள்ளி உடனே போன் போடுவார். சில சமயம் ஒன்றும் வேண்டாமலேயே தூக்குவாள். "நீங்க பாக்குறீங்களான்னு சோதிக்கிறாங்க சார்" என்று நர்ஸம்மா சிரிப்பாள். அவர் ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

அந்த வியாழக்கிழமை நர்ஸம்மா லீவு. காலையில் மனைவியின் தங்கை வந்து பார்த்துக்கொண்டாள். மதியத்துக்குமேல் மூன்று மணிக்கு அவரே வந்துவிடுவதாக ஏற்பாடு. பதினொன்றே முக்காலுக்குத் தங்கையிடமிருந்து போன்.

"மாமா, புது போன் வாங்கியிருக்கேன். வைஃபை பாஸ்வேர்டு சொல்லுங்க."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் கூப்பிட்டாள்.

"பொண்ணை ஸ்கூல்ல இருந்து கூப்பிடணும் மாமா. அக்கா நல்லாத் தூங்குறா. போகட்டுமா, இல்ல மேல் வீட்டு அம்மாவை வந்து உக்காரச் சொல்லட்டுமா?"

"அவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ற? நீ கிளம்பும்மா. நான்தான் பாத்துக்கிட்டே இருக்கேனே."

பார்த்துக்கொண்டேதான் இருந்தார். மனைவி சுவர்ப்பக்கம் திரும்பி அசையாமல் தூங்கினாள். ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியாகத் தூங்குகிறாளே என்று அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இரண்டே முக்காலுக்குக் கிளம்ப எழுந்தபோதுதான் கண்ணில் பட்டது. அவள் காலடியில் விழுந்திருந்த வெயில் நகரவே இல்லை. படத்தின் மூலையில் மணி 11:46 என்று நின்றிருந்தது. கேமரா சரியில்லை என்று யார் புகார் சொன்னாலும் "முதல்ல மணி ஓடுதான்னு பாருங்க" என்று சொல்கிறவர் அவர்.

சதுரத்தை மூடித் திறந்தார். படம் உடனே வந்தது. கட்டில் காலியாக இருந்தது. தரையில் ஒரு இடது கை தெரிந்தது.

அவர் போன் போட்டதும் மேல் வீட்டு அம்மா தன்னிடம் இருந்த சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு ஓடினார். "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்றார் டாக்டர். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

கணக்கு அவருக்கு ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே விளங்கிவிட்டது. வீட்டில் அவர் போன், லேப்டாப், டிவி, நர்ஸம்மா போன், மேல் வீட்டு அம்மா போன்: நூறு முதல் நூற்றிநாலு வரை. ஆறாவதாக வந்த புது போனுக்கு ரவுட்டர் நூற்றைந்தைக் கொடுத்தது. மலிவான பெட்டி, அந்த எண்ணில் ஏற்கெனவே ஆள் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கேமராவின் தொடர்பு அறுந்தது. மச்சினி போனோடு வெளியே போனதுமே அந்த எண் மறுபடி கேமராவுக்கே ஆயிற்று; அவர் திரையில் மட்டும் பழைய படம் உறைந்து நின்றது. அதற்குப் பிறகு எந்த நிமிஷம் மூடித் திறந்திருந்தாலும் அவள் தெரிந்திருப்பாள். கேமராவுக்குள் இருந்த கார்டில் எல்லாம் பதிவாகியிருந்தது. பன்னிரண்டு இருபதுக்கு அவள் முதல்முறை கையைத் தூக்கினாள். அப்புறம் பதினான்கு தடவை. கடைசியில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்க முயன்று விழுந்தாள். அவர் அதை முழுக்கப் பார்த்தார். பார்க்காமல் இருக்க அவருக்கு என்ன உரிமை?

காரியமெல்லாம் முடிந்தபின்னும் மச்சினி தினமும் வந்து அந்தக் கட்டிலருகே அழுதாள்.

"நான் போயிருக்கக் கூடாது மாமா. நான்தான் அவளைக் கொன்னுட்டேன்."

அவரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

"உன் மேல தப்பே இல்லம்மா. இந்த நூத்தியஞ்சைப் பாரு. இதை நான் போட்டிருக்கவே கூடாது. உன் போனுக்கும் இதே நம்பர் போயிடுச்சு. தப்பு என்னுது. இதைத்தான் மாத்தாம விட்டுட்டேன்."

நூற்றைந்தை அழித்துவிட்டு இருபது என்று போட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சதுரத்தில் காலிக் கட்டில் வந்தது, மூலையில் மணி ஓடியது.

"பாத்தியா? இவ்வளவுதான் வேலை."

அவள் திரையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

"எனக்கு ஆறுதல் சொல்றதுக்காக ஏதேதோ நம்பரெல்லாம் சொல்லாதீங்க மாமா. நீங்க அவளைப் பாத்துக்கிட்ட மாதிரி யாரு பாத்துக்குவாங்க?"