சாரதாமணி சொன்ன தகவல்

குமாரபாளையத்தில் சாரதாமணி துணிப்பை தைக்கத் தொடங்கியது, பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த வருஷம். அதுவரை பாவாடையும் தலையணை உறையும் தைத்து வயிற்றைக் கழுவியவளைக் கடைக்காரர்கள் தேடி வந்தார்கள். தறிக்காரர்களிடம் மலிவான மட்டத்துணி வாங்கி இரண்டு மெஷின் ஓட்டினாள். மகள் பிரவீனாவை நர்சிங் படிக்க வைத்தது அந்தப் பைகள்தான்.

இரண்டே வருஷத்தில் ஆர்டர் மெலிந்தது.

"துணிப்பைக்குக் காசு கேட்டா ஜனங்க மொறைக்கறாங்க. நான் என்னம்மா பண்ணட்டும்?" என்றார் மளிகைக்கடை குருமூர்த்தி. அவர் கல்லாவுக்கு அடியில் வெள்ளைக் கேரிபேக் கட்டு தெரிந்தது.

அது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். அடுத்த தெருவில், பெயர்ப்பலகை இல்லாத ஷெட்டில் மருதாசலம் கேரிபேக் மெஷின் ஓட்டுகிறான். பக்கத்து வீட்டுக் கலைமணி அங்கேதான் பை வெட்டப் போகிறாள். "எங்கயும் சொல்லீராதீங்க அக்கா" என்று நம்பிச் சொன்னவளும் அவளே.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சாரதாமணி நகராட்சிக்குப் போன் செய்தாள். பெயர் சொல்லவில்லை. மத்தியானமே ஷெட்டுக்குச் சீல் வைத்தார்கள். மருதாசலம் அபராதம் கட்டிவிட்டு வேறு ஊரில் மெஷினை இறக்கினான். குருமூர்த்திக்கும் கட்டு வேறெங்கிருந்தோ வந்தது. வேலையிழந்து நின்றவர்கள் ஆறு பெண்கள் மட்டும்தான்.

நாலாம் நாள் கலைமணி வந்தாள். "அக்கா, உங்க ரெண்டாவது மெஷின் சும்மாதானுங்க கெடக்குது. எனக்குத் தைக்கப் பழக்கி உடுங்க. ஊட்டுக்காரரு லாரிய உட்டு எறங்கி எட்டு மாசமா வேலையில்லீங்க."

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இருந்த கொஞ்ச வேலையையும் பங்கு போட்டுக் கொடுத்தாள். கலைமணியோ தினமும் தூக்குப்போசியில் குழம்பு கொண்டு வந்தாள். "எவனோ காட்டிக் குடுத்துட்டானுங்க. அவனுக்கும் புள்ளகுட்டி இருக்குமில்லீங்களா" என்று சொல்லிக்கொண்டே அவள் ஊற்றும்போது, சாரதாமணி போதும் என்று தட்டை நகர்த்தினாள்.

பத்து நாள் தாங்கினாள். பிறகு மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அது நாந்தான் கலை. நாந்தான் போன் பண்ணுனேன்."

கலைமணியின் கால் மிதியில் அசையாமல் நின்றது. "நாஞ் சொன்னத வெச்சா?"

"ஆமா."

கலைமணி பாதியில் இருந்த கைப்பிடியைத் தைத்து முடித்து, நூலை அறுத்து, பையை மடித்து மற்றவற்றின் மேல் வைத்தாள். "வாரேனுங்க" என்றாள். அந்த மரியாதைதான் சாரதாமணியை அதிகம் சுட்டது.

இப்போது கலைமணி நூல்மில்லுக்குப் போகிறாள், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். தெருவில் எதிர்ப்பட்டால் முகம் திருப்புவதில்லை, பேசுவதுமில்லை. போன மாதம் ஒரு பள்ளியில் துணிப்பை பற்றிப் பேச சாரதாமணியைக் கூப்பிட்டார்கள். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டாள்.